இம்பிளான்ட்டின் கழுத்து எங்கே நிற்க வேண்டும்: எலும்புக்கு மேலா, சமமாகவா, உள்ளேயா?

பல் இம்பிளான்ட் வைத்துக்கொள்ள வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள். எந்தக் கம்பெனி, எத்தனை மாதம் ஆகும், வலிக்குமா. எவ்வளவு ஆழத்தில் வைப்பீர்கள் என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. அது மருத்துவர் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று விட்டுவிடுவது இயல்புதான். ஆனால் ஐந்து வருடம் கழித்து அந்தப் பல்லைச் சுற்றி எலும்பு எங்கே நிற்கிறது, ஈறு கெட்டியாகப் பற்றியிருக்கிறதா, தொட்டாலே ரத்தம் வருகிறதா என்பதையெல்லாம் பெரிய அளவில் முடிவு செய்வது வைத்த அன்றைய ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். இம்பிளான்ட் வைத்துக்கொள்ளப் போகிறவருக்கும், வைக்கக் கற்றுக்கொண்டிருக்கும் இளம் மருத்துவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

தாடை எலும்புக்குள் போகும் டைட்டானியம் ஸ்க்ரூதான் இம்பிளான்ட். அதன் மேல்முனையைக் கழுத்து என்று சொல்வோம். கழுத்தின் மேல் அபட்மென்ட் என்ற இணைப்புத் துண்டு உட்காரும், அதன் மேல் கிரவுன், அதாவது வெளியே தெரியும் செயற்கைப் பல். இந்தக் கழுத்து எலும்பு விளிம்புக்கு எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி. எலும்புக்கு மேலே 2 மி.மீ. அளவுக்கு நீட்டிக்கொண்டு நிற்கலாம். விளிம்போடு சமமாக நிற்கலாம். 1 முதல் 2 மி.மீ. உள்ளே இறங்கலாம். அதற்கும் கீழே 3 மி.மீ. அல்லது அதைத் தாண்டியும் போகலாம். கடைசியாகச் சொன்னது திட்டமிட்டு நடப்பதைவிடத் தவறிப்போய் நடப்பதே அதிகம்.

ஈறு கேட்கும் இடம்

ஆழம் என்றதும் எல்லோருக்கும் எலும்புதான் ஞாபகம் வரும். நானும் முதல் சில வருடங்கள் எலும்பைப் பார்த்தே ஆழத்தை முடிவு செய்தேன். எலும்பு விளிம்பில் கழுத்து சமமாக உட்கார்ந்துவிட்டால் வேலை சரி என்று நினைப்பேன். ஈறையும் அளக்க வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது.

இயற்கைப் பல்லில் ஈறு பல்லோடு ஒட்டுவதற்கென்று எலும்புக்கு மேல் ஓர் உயரம் தேவைப்படுகிறது. 1961இல் கர்ஜூலோவும் அவருடன் வேலை செய்தவர்களும் அதை அளந்தார்கள். மேல்தோல் ஒட்டும் பகுதி சராசரியாக 0.97 மி.மீ., அதன் கீழே இணைப்புத் திசு 1.07 மி.மீ., இரண்டும் சேர்ந்து 2.04. பல் வேரின் மேல் சிமென்டம் என்ற படலம் உண்டு. ஈறின் நார்கள் அதற்குள் செங்குத்தாக இறங்கி வேரூன்றியிருக்கும். இம்பிளான்ட்டில் சிமென்டம் கிடையாது. அதனால் நார்கள் அதன் உடலோடு இணையாக ஓடுகின்றன, இல்லையென்றால் சட்டைக் கையின் விளிம்பு மணிக்கட்டைச் சுற்றுவதுபோலச் சுற்றிக்கொள்கின்றன. பல்லையும் எலும்பையும் இணைக்கும் சவ்விலிருந்து ஈறுக்கு வரும் ரத்தக் குழாய்களும் இங்கே இல்லை. பிடிப்பு பலவீனம், ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் இம்பிளான்ட்டைச் சுற்றியுள்ள ஈறு இன்னும் கொஞ்சம் அதிக உயரம் கேட்கிறது. ஈறின் விளிம்பிலிருந்து எலும்பு வரை ஏறக்குறைய 3 முதல் 4 மி.மீ.

அந்த உயரம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1996இல் பெர்க்லண்டும் லிண்டேயும் நாய்களில் செய்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பக்கம் ஈறை 2 மி.மீ. அளவுக்கு மெலிதாக்கினார்கள், மறுபக்கத்தை அப்படியே விட்டார்கள். மெலிந்த பக்கத்தில் எலும்பு கரைந்து இறங்கியது. ஈறு தனக்கு வேண்டிய உயரத்தை எலும்பிலிருந்து எடுத்துக்கொண்டது. 2009இல் லித்துவேனியாவின் லிங்கெவிசியஸ் குழு மனிதர்களில் பார்த்ததும் இதைத்தான். ஈறின் கனம் 2 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்த இடங்களில், கழுத்து எலும்புக்கு மேலே நின்றபோதும், முதல் வருடத்திலேயே 1.45 மி.மீ. வரை எலும்பு இறங்கியது.

இது எக்ஸ்ரேயில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். என்னிடம் வந்த ஒருவருக்குக் கீழ்த்தாடைக் கடைவாயில் கழுத்தை எலும்போடு சமமாக வைத்தேன். வைத்த அன்று எடுத்த படத்தில் வெள்ளைக் கோடாக எலும்பு விளிம்பு நேராக வந்து கழுத்தைத் தொட்டது. பார்க்கவே அழகாக இருந்தது. ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தில் கழுத்தின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கிண்ணம்போலக் கறுப்பு நிழல், முதல் மரை வரை இறங்கியிருந்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை, சீழ் இல்லை. அவர் ஒழுங்காகப் பல் துலக்குபவர். அங்கே ஈறு காகிதம்போல மெலிதாக இருந்தது, நான் அதை அளக்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

இணைப்பு எங்கே இருக்கிறது

இரண்டாவது விஷயம், இம்பிளான்ட்டும் அபட்மென்ட்டும் சேரும் இடம். அங்கே எவ்வளவு இறுக்கினாலும் மிக மெல்லிய இடைவெளி ஒன்று இருக்கும். அதில் பாக்டீரியா குடியேறும். மெல்லும்போது இணைப்பு லேசாக அசைந்தால் அவை வெளியேயும் உள்ளேயும் போய் வரும். 1990களின் கடைசியிலும் 2000த்தின் தொடக்கத்திலும் ஹெர்மன், காக்ரன் குழுவினர் விலங்குகளில் செய்த ஆய்வுகளில், அந்த இடைவெளியை எலும்புக்குள் எவ்வளவு இறக்கினார்களோ அவ்வளவுக்கு எலும்பும் இறங்கியது. இடைவெளிக்கு ஏறக்குறைய 2 மி.மீ. கீழே போய்த்தான் நின்றது.

பிரோன்மார்க் ஸ்வீடனில் தொடங்கிய பழைய முறையில் அபட்மென்ட் தட்டையான முகத்தின் மேல் உட்காரும், இணைப்பு எலும்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். முதல் வருடம் எலும்பு முதல் மரை வரை இறங்குவதை எல்லோரும் சகஜமாக ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வருடத்துக்கு 0.2 மி.மீ.க்குள் இருந்தால் வெற்றி என்று 1986இல் ஆல்ப்ரெக்ட்சனும் மற்றவர்களும் எழுதினார்கள். அந்த வகை இம்பிளான்ட்டை எலும்புக்குள் ஆழமாகப் புதைப்பது எலும்பைக் கையால் எடுத்துப் போடுவதற்குச் சமம்.

அப்புறம் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, கூம்பு வடிவ இணைப்பு. அபட்மென்ட் உள்ளே ஆப்புபோல இறங்கி இறுகுவதால் அசைவு குறைகிறது. இன்னொன்று பிளாட்பார்ம் ஸ்விட்சிங், அதாவது கழுத்தைவிடக் குறுகிய அபட்மென்ட்டை வைப்பது. இணைப்பின் விளிம்பு உள்பக்கமாக நகர்ந்து எலும்பிலிருந்து விலகுகிறது. இது தற்செயலாகக் கண்டுபிடித்தது. அகலமான இம்பிளான்ட்டுகள் வந்த புதிதில் அவற்றுக்குப் பொருத்தமான அகல அபட்மென்ட் கிடைக்காமல் 4.1 மி.மீ. அபட்மென்ட்டையே வைத்தார்கள். வருடங்கள் கழித்து எக்ஸ்ரேயைப் பார்த்தால் எலும்பு எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. 2006இல் லசாராவும் போர்ட்டரும் இதை விரிவாக எழுதினார்கள். எலும்புக்குள் இறக்கி வைப்பது ஒரு நியாயமான தேர்வானது இந்த இரண்டும் வந்த பிறகுதான். ஆகவே ஆழத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எந்த வகை இணைப்புக்கு என்று முதலில் கேளுங்கள்.

மூன்று ஆழங்கள், மூன்று விதம்

எலும்புக்கு மேலே கழுத்து நிற்கும் வகையை டிஷ்யூ லெவல் இம்பிளான்ட் என்பார்கள். ஸ்விட்சர்லாந்தில் ஆந்த்ரே ஷ்ரோடர் வழியில் வந்த யோசனை. கீழே சொரசொரப்பான உடல், மேலே 1.8 மி.மீ. அல்லது அதற்குக் கொஞ்சம் கூடுதலாக வழவழப்பான கழுத்து. வழவழப்பான பகுதி ஈறுக்குள் நிற்கும், இணைப்பு எலும்பிலிருந்து தள்ளி மேலே போய்விடும். எலும்புக்கு இது மிகவும் நிம்மதியான ஏற்பாடு. ஈறின் ஒட்டுதல் வழவழப்பான ஒரே துண்டின் மேல் நடக்கிறது. அபட்மென்ட்டை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அந்த ஒட்டுதலைத் தொந்தரவு செய்வதில்லை. சுத்தம் செய்யவும் எளிது. ஆனால் இதற்கு இரண்டு விலை உண்டு. ஈறு பின்னால் இறங்கினால் சாம்பல் நிற உலோகம் தெரியும், சிரிக்கும்போது தெரியும் இடத்தில் அது பெரிய மனக்குறை. இன்னொன்று, அழகுக்காக அந்த வழவழப்பான கழுத்தையும் எலும்புக்குள் இறக்கினால் எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளாது, சொரசொரப்பு தொடங்கும் கோடு வரை இறங்கிவிடும்.

விளிம்போடு சமமாக வைப்பது, பார்க்க நடுவழி. ஈறு 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் கனமாக இருந்து, இணைப்பும் கூம்பு வடிவமாக இருந்தால் இது நன்றாகவே நிற்கும், இன்னும் ஆழத்துக்குப் போக ஒரு காரணமும் இல்லை. ஈறு மெலிந்திருந்தால் மேலே சொன்ன கிண்ணம் வரும், பிளாட்பார்ம் ஸ்விட்சிங் இருந்தாலும் வரும். இதைப் பற்றிச் சொல்ல வேறு அதிகம் இல்லை.

எலும்புக்குள் 1 முதல் 2 மி.மீ. இறக்குவதுதான் இன்று அதிகம் விவாதிக்கப்படுவது. இதன் அடிப்படை எளிது. ஈறுக்கு உயரம் போதவில்லையா, இம்பிளான்ட்டைக் கீழே இறக்கி அந்த உயரத்தை முன்கூட்டியே கொடுத்துவிடு. ஈறின் கனம் 2 மி.மீ. என்றால் 1.5 மி.மீ. இறக்கினால் மொத்தம் 3.5 கிடைக்கும். கழுத்துக்கு மேலே உள்ள எலும்பு கொஞ்சம் உருமாறினாலும் இம்பிளான்ட்டின் சொரசொரப்பான உடல் எலும்புக்குள்ளேயே பத்திரமாக இருக்கும்.

இங்கே ஒரு கணக்குக் குழப்பம் அடிக்கடி வருகிறது, அதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சமமாக வைத்த இம்பிளான்ட்டில் 1 மி.மீ. எலும்பு இறங்கினால் 1 மி.மீ. சொரசொரப்பு வெளியே வந்துவிடும். பாக்டீரியாப் படலம் ஒட்ட அதைவிட வசதியான இடம் கிடையாது. 1.5 மி.மீ. இறக்கி வைத்ததில் அதே 1 மி.மீ. இறங்கினால் கழுத்துக்கு மேலே இன்னும் அரை மி.மீ. எலும்பு மிச்சம் இருக்கும். இரண்டிலும் இழந்த எலும்பின் அளவு ஒன்றே. இம்பிளான்ட்டின் நிலைமை வேறு. அதனால் எத்தனை மி.மீ. எலும்பு குறைந்தது என்ற ஒற்றை எண்ணை வைத்து ஆழங்களை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். எலும்பு கழுத்துக்கு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே சமயம் மறுபக்கமும் உண்டு. ஈறின் உயரம் எலும்பு விளிம்பைத்தான் சார்ந்திருக்கிறது. எலும்பு 1 மி.மீ. இறங்கினால் ஈறும் இறங்கப் பார்க்கும், இம்பிளான்ட் எங்கே இருந்தாலும் சரி. கடைவாயில் இது யார் கண்ணிலும் படாது. முன்பல்லில் படும்.

உள்ளே இறக்க நினைப்பவர்கள் மூன்று விஷயங்களைப் பார்த்தே ஆக வேண்டும். கீழ்த்தாடையில் நரம்புக் குழாய்க்கு மேலே 2 மி.மீ. இடைவெளி விட வேண்டும், அதைத் தொட்டு விளையாட முடியாது. இறக்கும் ஆழத்துக்கு ஏற்ப இம்பிளான்ட்டின் நீளத்தைக் குறைக்க வேண்டியிருக்கும், 10க்குப் பதில் 8 மி.மீ. என்பதுபோல. அடுத்தது, கழுத்தின் விளிம்பை மூடி எலும்பு இருந்தால் அபட்மென்ட் முழுசாக உட்காராது. அதற்கென்று உள்ள கருவியால் எலும்பைக் கிண்ணம்போலச் செதுக்கி வழிவிட வேண்டும். செதுக்காமல் இறுக்கினால் ஸ்க்ரூ இறுகியதுபோலக் கைக்குத் தெரியும், எக்ஸ்ரேயில் மயிரிழை இடைவெளி தெரியும். அந்த எக்ஸ்ரேயை எடுக்காமல் கிரவுன் செய்ய அனுப்பக் கூடாது.

மூன்றாவது அபட்மென்ட்டின் உயரம். இதைத்தான் நிறைய பேர் கவனிப்பதில்லை. இம்பிளான்ட்டை ஆசையாக 1.5 மி.மீ. இறக்கிவிட்டு, அதன் மேல் 1 மி.மீ. உயரமுள்ள குட்டை அபட்மென்ட்டை வைத்தால் கிரவுனின் விளிம்பு எலும்பை நெருக்கிக்கொண்டு நிற்கும். ஈறுக்குக் கொடுத்த இடத்தைக் கிரவுன் திருப்பி எடுத்துக்கொள்ளும். 2014இல் ஸ்பெயினின் கலிந்தோ மொரேனோ குழு, 2 மி.மீ.க்குக் குட்டையான அபட்மென்ட்டுகளில் எலும்பு அதிகம் குறைந்ததைக் காட்டியது. ஆழமும் அபட்மென்ட் உயரமும் ஒரே முடிவின் இரண்டு பாதிகள். அறுவை சிகிச்சை செய்பவரும் கிரவுன் வைப்பவரும் வேறு வேறு ஆளாக இருந்தால், இதை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வது மிகவும் அவசியம்.

3 மி.மீ.யும் அதற்குக் கீழும்

அளவாக இறக்குவது நல்லது என்றால் இன்னும் இறக்கினால் இன்னும் நல்லதுதானே? இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும்.

இம்பிளான்ட்டின் கழுத்திலிருந்து ஈறு விளிம்பு வரை உள்ள வழி ஒரு சுரங்கம் மாதிரி. அது 3, 4, 5 மி.மீ. என்று ஆழமாக ஆக, பிரஷ் போக முடியாத இடமாகிறது. காற்று எட்டாத அடியில் வளரும் கிருமிகளுக்கு அதுதான் வேண்டும். 2019இல் வந்த ஓர் ஆய்வில் சுரங்கம் 1 மி.மீ. அளவில் இருந்தவர்களையும் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். சில வாரம் அந்த இடத்தைத் துலக்காமல் விட்டு ஈறில் அழற்சி வரவிட்டு, பிறகு துலக்கச் சொன்னார்கள். மேலோட்டமான இடங்கள் சீக்கிரம் ஆறின. ஆழமான இடங்களில் அழற்சி எளிதில் அடங்கவில்லை. நான் தினமும் பார்ப்பதும் இதுதான். ஆழமான இம்பிளான்ட்டில் புரோப், அதாவது ஈறுக்குள் விட்டு ஆழம் அளக்கும் கோடு போட்ட மெல்லிய கம்பி, 6 மி.மீ. போனால் அது வெறும் ஆழமா நோயா என்று கண்டுபிடிப்பதற்கே பழைய அளவு கையில் இருக்க வேண்டும். கிரவுன் வைத்த அன்று அளந்து எழுதி வைக்கவில்லை என்றால் இருட்டில் தேடுவதுதான்.

சிமென்ட் வைத்து ஒட்டும் கிரவுன் என்றால் ஆபத்து இன்னும் கூடும். விளிம்பு ஈறுக்கு 2, 3 மி.மீ. கீழே இருந்தால் பிதுங்கிய சிமென்ட்டை முழுசாக எடுக்க யாராலும் முடியாது. எடுத்துவிட்டோம் என்று நினைத்த இடத்தில் மாதங்கள் கழித்து மஞ்சள் துணுக்காக அது வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு துணுக்கைச் சுற்றி எலும்பு கரைந்து, ஈறு ஊதா நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆழமாக வைக்க வேண்டி வந்தால் ஸ்க்ரூவால் மாட்டும் கிரவுனையே கேளுங்கள்.

பக்கத்துப் பல்லும் பாதிக்கப்படும். இம்பிளான்ட்டைச் சுற்றி வரும் கிண்ணம் கீழ்நோக்கி மட்டும் வராது, பக்கவாட்டிலும் 1.3, 1.4 மி.மீ. பரவும். இதனால்தான் பல்லிலிருந்து 1.5 மி.மீ.யும், இரண்டு இம்பிளான்ட்டுகளுக்கு நடுவே 3 மி.மீ.யும் விடச் சொல்கிறார்கள். பக்கத்துப் பல்லின் எலும்பு நல்ல உயரத்தில் இருக்க, இம்பிளான்ட் மட்டும் பள்ளத்தில் கிடந்தால் நடுவில் உள்ள எலும்பு சரிந்து, அந்தப் பல்லின் வேரும் ஒரு பக்கம் வெறுமையாகும்.

முன்பல்லில் கணக்கே வேறு

கடைவாயில் எலும்பிலிருந்து தொடங்கும் கணக்கு முன்பல்லில் ஈறிலிருந்து தொடங்கும். முதலில் கிரவுனின் ஈறு விளிம்பு எங்கே வர வேண்டும் என்று பக்கத்துப் பல்லைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அங்கிருந்து 3 முதல் 4 மி.மீ. கீழே கழுத்து. குறுகிய வட்டமான கழுத்திலிருந்து பல்லின் இயல்பான வடிவத்துக்குக் கிரவுன் மெதுவாக விரிய அந்த உயரம் தேவை. மேலேயே வைத்துவிட்டால் கிரவுன் காளானின் தலைபோலத் திடீரென்று விரியும், அதன் அடியில் அழுக்கு சேரும். 30 டிகிரிக்கு மேல் விரியும் கிரவுன்களில் எலும்பைக் கரைக்கும் அழற்சி கூடுதலாகக் காணப்படுவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ரொம்பக் கீழே வைத்தால் ஈறு பின்னால் இறங்கி, பக்கத்துப் பல்லைவிட நீளமான ஒரு பல் சிரிப்பில் தனியாக நிற்கும். இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள ஈறு முக்கோணம் நிறைவதும் எலும்பின் உயரத்தைப் பொறுத்ததுதான். இயற்கைப் பற்களில் டார்னோ 1992இல் அளந்தது: பற்கள் தொடும் புள்ளியிலிருந்து எலும்பு வரை 5 மி.மீ. என்றால் ஏறக்குறைய எல்லா இடத்திலும் முக்கோணம் நிறைந்திருந்தது, 6 மி.மீ. என்றால் 56 சதவீதத்தில், 7 என்றால் 27 சதவீதத்தில்தான். ஒரு மில்லிமீட்டருக்கு இவ்வளவு வித்தியாசம். ஒற்றை இம்பிளான்ட்டின் பக்கத்தில் அந்த எலும்பைத் தாங்குவது பக்கத்துப் பல்தான், அதனால் அதன் எலும்பைக் கெடுக்காத ஆழமே சரியான ஆழம்.

பல் எடுத்த இடத்தில் உதட்டுப் பக்கத்து எலும்பு மெலிந்து தாழ்ந்திருக்கும், அண்ணப் பக்கம் உயர்ந்திருக்கும். தாழ்ந்த பக்கத்துக்குச் சமமாக வைத்தால் அண்ணப் பக்கம் தானாகவே உள்ளே இறங்கிவிடும். அது பரவாயில்லை. ஆனால் உதட்டுப் பக்கம் 1.5 முதல் 2 மி.மீ. கனத்தில் எலும்பு நிற்கவில்லை என்றால் ஆழத்தை எவ்வளவு சரியாக வைத்தும் பயன் குறைவு, அங்கே எலும்பை நிரப்பியே ஆக வேண்டும்.

என் தேர்வு

கடைவாயில், எலும்பு உயரம் குறைவு, நரம்பு பக்கத்தில் என்றால் டிஷ்யூ லெவல்தான் என் முதல் விருப்பம். பிரஷ் எட்டுகிறது, இணைப்பு எலும்பைவிட்டு விலகி நிற்கிறது, சாம்பல் நிறம் அங்கே யாருக்கும் தெரியப் போவதில்லை. ஈறு கனமாக இருந்தால் சமமாக வைக்கும் இம்பிளான்ட்டும் அதே அளவு நல்லது. ஈறு மெலிந்து, எலும்பு தாராளமாக இருந்து, இணைப்பு கூம்பு வகை என்றால் 1 முதல் 1.5 மி.மீ. இறக்குவேன், 2 மி.மீ.க்கோ அதற்கு மேலோ உயரமுள்ள அபட்மென்ட்டோடு. எலும்பும் இல்லை, ஈறும் மெலிது என்றால் இறக்குவதற்குப் பதிலாக அண்ணத்திலிருந்து திசு எடுத்தோ மாற்றுத் திசுப் படலம் வைத்தோ ஈறைக் கனமாக்குவேன். கூடுதலாக ஒரு காயம், சில நாள் வலி. அதைச் சொல்லித்தான் செய்வேன். முன்பல்லில் வரப்போகும் ஈறு விளிம்பிலிருந்து 3, 4 மி.மீ. என்ற கணக்கை விடமாட்டேன்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர், புகைப்பவர், ஈறு நோய்க்கு ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவர், கை நடுங்குவதால் துலக்கச் சிரமப்படும் வயதானவர் இவர்களுக்கெல்லாம் ஒரு படி மேலே நிறுத்தவே பார்ப்பேன். ஆழமான சுரங்கத்தைக் காலம் முழுக்கச் சுத்தமாக வைத்திருக்க அவர்களால் முடியாது.

அளப்பது இரண்டு நிமிட வேலை. ஈறைக் கீறியதும் கன்னப் பக்கத்தை மட்டும் முதலில் பிரிக்கிறேன், நாக்குப் பக்கத்தை எலும்போடு ஒட்டியபடியே விடுகிறேன். இம்பிளான்ட் வரப்போகும் இடத்தில், பிரியாத ஈறின் வெட்டு முகத்துக்கு எதிரே புரோப்பை எலும்பின் மேல் நிற்க வைக்கிறேன். வெள்ளையும் சிவப்புமாகத் தெரியும் அந்த ஈறின் மேல்விளிம்பு புரோப்பின் எந்தக் கோட்டில் முடிகிறது என்று பார்க்கிறேன். இரண்டாவது கோடா, மூன்றாவது கோடா. அந்த எண்ணை உதவியாளர் உரக்கத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் எந்த நீளம், எவ்வளவு ஆழம் என்று முடிவு செய்து இம்பிளான்ட் பெட்டியைத் திறக்கச் சொல்கிறேன்.